மூன்று வீட்டுத் திராட்சை ரசம்

நான் முதன்முதலாக ஒயின் குடித்தது மதுவிலக்கு நடப்பில் இருந்த காலத்தில். அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தொரு வயது. திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கும் புது வருடத்துக்கும் நடுவில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பெண்கள் பஸ் ஏறி, சிறுமலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய், வீடு வீடாக ஒயின் ருசி பார்த்துவிட்டு வந்தோம். இன்றைக்குச் சொன்னால் பேத்திமார் நம்புவதில்லை.

எங்களைக் கூட்டிப் போனவர் எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் சீனியர். ஒன்பது வருட சர்வீஸ். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிறிஸ்தவர். அவருடைய ஊரில் பாதிப்பேருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. மாதா கோயில் பூசைக்கு வேண்டிய ரசத்துக்குப் பங்குச் சாமியார் முறைப்படி அனுமதி வாங்கி வைத்திருந்தார். அது போக, கிறிஸ்துமஸுக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் ஒரு ஜாடி போட்டு வைப்பார்கள். அதற்கு யாரும் அனுமதி கேட்டதில்லை.

மூன்றாவது ஆள் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். நாகல் நகரில் எங்களுக்கு அடுத்த தெரு. முஸ்லிம் வீடு. அவளுடைய அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், தோல் மண்டி வைத்திருந்தார். திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று அவள் வீட்டிலும் சொன்னோம், என் வீட்டிலும் சொன்னோம். அதில் பொய் எதுவும் இல்லை.

"நான் குடிக்க மாட்டேன் புள்ள, எங்களுக்கு ஹராம்" என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். "ஆனா மோந்து பாப்பேன். மூக்குக்கு யாரும் தடை போடல."

இந்தப் பயணத்துக்காக நான் இரண்டு மாதமாக அக்காவை நச்சரித்திருந்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். காரணம் அதற்கு முந்தின வியாழக்கிழமை நடந்தது.

அன்றைக்கு அக்கா லீவு. மதியம் ஒரு கமிஷன் கடையிலிருந்து கோயம்புத்தூருக்கு ட்ரங்க் கால் பதிவாகியிருந்தது. இணைப்புக் கிடைத்ததும், இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு ஆபரேட்டர் விலகிவிட வேண்டும். அதுதான் விதி. வேலையில் சேரும்போதே, காதில் விழுவது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். குரல் கேட்கிறது. சரி, விலகலாம் என்று, லைனோடு என் காதைச் சேர்த்து வைத்திருந்த கீயைத் தொட்டேன். அப்போதுதான் பேசுகிறவர் யாரென்று புரிந்தது. அக்காவின் அண்ணன். 'வ'வில் தொடங்கும் சில சொற்களுக்கு முன்னால் ஒரு நொடி நின்று பேசுவார். மாதம் ஒரு தடவை எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்து தங்கைக்குப் பழக்கூடை கொடுத்துவிட்டுப் போவார். எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

"அப்பாவுக்குத் தெரிய... வேணாம்" என்றார். "தோட்டம் எம்பேர்லதான் இருக்கு. புதன்கிழமை நான் மட்டும் வந்து கையெழுத்துப் போடுறேன். தங்கச்சிக்கும் இப்பச் சொல்லல."

"கெணறும் சேத்துத்தானுங்க?" என்றது மறுமுனை. "கெணறு இல்லாம மில்லு கட்ட முடியாதுங்க."

"சேத்துத்தான்."

நான் விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. கடைசி வரை கேட்டேன். தற்செயலாகக் காதில் விழுந்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. தெரிந்தவர் குரல் என்பதால்தான் கேட்டேன்.

வெள்ளியும் சனியும் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் கதை சொன்னார். அப்பா இந்த வருடம் இரண்டு ஜாடி போட்டிருக்கிறார், நாமெல்லாம் வருவதற்காகவே ஒன்றைத் திறக்காமல் வைத்திருக்கிறார் என்றார். நான் தலையை ஆட்டினேன். போர்டில் தப்பான துளையில் வயரைச் செருகி, ஒரு டாக்டர் வீட்டுக்கு அரிசி மில்லை இணைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. வெளியே எதையும் பார்த்த நினைவு இல்லை. இறங்கி ஒரு மைல் நடந்தோம். செம்மண் பாதை. இரண்டு பக்கமும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள். காய்ப்பு முடிந்த கொடிகள். இலையெல்லாம் நோய்க்கு மருந்தாக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த நீலம். என் தோழி ஒரு இலையைக் கிள்ளி மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"போலீஸு வந்தா என்னக்கா பண்றது?" என்று அவள்தான் கேட்டாள்.

"இந்த வாரத்துல எவன் வாரான்? வந்தாலும் அவனுக்கு ஒரு தம்ளர் குடுத்துச் சேர்ல உக்கார வச்சிருவாங்க" என்று அக்கா சிரித்தார். என்னைப் பார்த்தார். "நீ ஏன் பேய் அடிச்ச மாதிரி வாரே? பயமா இருந்தா மோந்து மட்டும் பாரு, இவளாட்டம்."

முதல் வீடு அக்காவின் அத்தை வீடு. உள்ளே நுழைந்ததும் அச்சு முறுக்குத் தட்டு வந்தது. பிறகு அந்த அம்மாள் கூடத்து மூலையில் மணலுக்குள் பாதி புதைத்திருந்த ஊறுகாய் ஜாடியின் வாய்த்துணியை அவிழ்த்து, கரண்டியால் மொண்டு, சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றினார். கறுஞ்சிவப்பு.

"தண்ணி மாதிரி மடக்குன்னு குடிக்காதே. நாக்குல வச்சுச் செத்த நேரம் நிறுத்து. அப்பறம் எறக்கு" என்றார் அந்த அம்மாள்.

நிறுத்தினேன். முதலில் சர்க்கரை. பிறகு பழத்தோலின் துவர்ப்பு. அதற்குப் பின்னால் தொண்டையில் ஒரு சின்னச் சூடு. நல்லாயிருக்கிறது என்று நினைத்த அதே நொடியில் பயம் பிடித்தது. குடித்தால் வாய் உளறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இன்றைக்குப் பார்த்து என் வாய் உளறினால்? மீதியைக் குடிக்காமல் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

தோழி தன் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். "புளிக்கப் போடுற கோதுமை கொஞ்சம் கூட விழுந்துருச்சோம்மா?"

அத்தை அசந்துபோனார். "ஆமாத்தா! ரெண்டு கை போட வேண்டியது, மருமக மூணு போட்டுட்டா. குடிக்காமலேயா கண்டுபிடிச்ச?"

"எங்கத்தா தோலை மோந்தே எந்த ஊரு தோலுன்னு சொல்லுவாரு. எனக்கும் அந்த மூக்குத்தான்."

அவ்வளவுதான், அவள் பெயர் எங்களுக்கு முன்னால் ஊருக்குள் ஓடிவிட்டது. இரண்டாவது வீடு, கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வீடு. அவர் மனைவி அக்காவோடு படித்தவர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வாசலில் நாலு பெண்கள் தங்கள் வீட்டு ஒயினைச் செம்பில் கொண்டுவந்து நின்றார்கள். தோழி நாற்காலியில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொன்றாக மோந்து தீர்ப்புச் சொன்னாள். ஒன்றில் கிராம்பு வாசனை முன்னால் ஓடுகிறது, பழ வாசனை நொண்டிக்கொண்டு பின்னால் வருகிறது என்றாள். இன்னொன்றைக் காட்டி, "சீனியக் கருக்கி ஊத்துனீங்களா? அடுப்புல ஒரு நிமிஷம் கூட நின்னுருச்சு" என்றாள். அந்தப் பெண் வெட்கப்பட்டு ஒப்புக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா இரண்டு தம்ளர் குடித்திருந்தார். எக்ஸ்சேஞ்சில் நான் பார்த்தறியாத ஒரு சத்தமான சிரிப்பு அவருக்கு வந்திருந்தது.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். புழக்கடையில் போய் முகம் கழுவினேன். யாரும் பார்க்காத நேரத்தில் என் தம்ளரில் இருந்ததைத் தென்னை மரத்து வேரில் ஊற்றினேன். நல்ல ஒயின் என்று நினைக்கிறேன். அதன் ருசி எனக்குத் தெரியாது. 'இன்னும் ஒரு வீடு, அது அந்த வீடு' என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது தோழி என் கையைப் பிடித்து, "என்ன புள்ள ஆச்சு ஒனக்கு? வகுத்து வலியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லடி."

"காலையிலேர்ந்து ஒரு முறுக்குக்கூடத் தின்னல."

நான் கையை விடுவித்துக்கொண்டேன். அவளும் விட்டுவிட்டாள்.

அக்காவின் அப்பா தோட்டத்துக்கு நடுவிலேயே வீடு கட்டியிருந்தார். எழுபதைத் தொடும் வயது. உயரமான மனிதர். விரல் நகங்களில் மருந்து நீலம் ஏறியிருந்தது. எங்களுக்காக ஆட்டுக்கறி எடுத்து, மருமகளிடம் சமைக்கச் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் பந்தல், கிணறு, மோட்டார் எல்லாம் காட்டினார்.

"இந்தக் கெணறு எங்கய்யா வெட்டுனது. நாப்பதடிக்குக் கீழ பாறை. அம்புட்டையும் வெடி வச்சுப் பேத்தாங்க. இதுல தண்ணி இல்லாம நான் ஒரு கோடையும் பாத்ததில்ல."

அண்ணன் சற்றுத் தள்ளி மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். எங்களை வாங்க என்று கேட்டதோடு சரி, வேறு பேச்சு இல்லை. செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்த வீட்டில் நிலைகொள்ளாமல் இருந்தது நான் ஒருத்தி மட்டுமில்லை என்று தெரிந்தது.

பெரியவர் திறக்காமல் வைத்திருந்த ஜாடியைத் தானே தூக்கிவந்து துணியை அவிழ்த்தார். தோழி குனிந்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள். தயங்கினாள்.

"சொல்லு தாயீ."

"இது லேசாப் புளிக்க ஆரம்பிச்சிருச்சுங்கய்யா. ஒரு வாரத்துல காடியாயிரும்."

அவர் ஒரு தம்ளர் குடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு வாய் குடித்தார். பிறகு மகளைப் பார்த்து, "அப்ப இன்னைக்கே குடிச்சுத் தீத்திரணும்" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் ஒரு தம்ளர் நிறைய வந்தது. இந்த முறை கொட்ட இடமில்லை. பெரியவர் எதிரிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். முதல் வீட்டு ஒயினைவிடச் சர்க்கரை குறைவு, காரம் அதிகம். காது இரண்டும் சுட்டன.

"எப்படி இருக்கு தாயீ?"

"நல்லா இருக்குங்கய்யா" என்றேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும் சாக்கில் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். அண்ணன் அங்கே இருந்தார். அவரிடம் பேச வேண்டும் என்று நான் திட்டம் எதுவும் போடவில்லை. அவர் சும்மா மரியாதைக்கு, "சாப்டாச்சாம்மா?" என்றார். நான் சாப்பிட்டாச்சு என்று சொல்லியிருக்கலாம்.

"வியாழக்கிழமை கோயம்புத்தூருக்குப் பேசுனீங்களே அண்ணே" என்றேன். "லைன் தெளிவா இருந்துச்சா?"

எந்த ஆபரேட்டரும் எந்த வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்விதான். அதில் ரகசியம் எதையும் நான் சொல்லிவிடவில்லை. ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சிகிட்டச் சொல்லிட்டியா?"

"யார்கிட்டயும் சொல்லல. எனக்குச் சொல்ற உரிமை கிடையாது."

"நீ என்னை என்னன்னு நெனக்கிறேன்னு தெரியுது" என்றார். குரல் தாழ்ந்தது. "மூணு வருசமா கொடியில நோவு. மருந்தடிச்சே இருக்கறது போகுது. அப்பாகிட்ட... வித்துரலாம்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன். எந்திரிச்சுப் போயிட்டாரு. எனக்கு மூணு புள்ளைக. நான் என்ன செய்ய?"

அவரை அதுவரை ஒரு திருடனாகவே மனசில் வைத்திருந்தேன். அவர் எதிரில் நின்றபோது அப்படி நினைக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியலண்ணே. ஆனா புதன்கிழமைக்கு அப்பறம் ஒங்கப்பா இந்தக் கெணத்துக்குத் தண்ணிக்கு வந்து நிப்பாருல்ல. அப்ப யாராச்சும் அவருகிட்டச் சொல்லித்தான ஆகணும்?"

அவர் மோட்டார் ரூம் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

நாலு மணி பஸ்ஸுக்கு நடந்தோம். அக்காவின் சிரிப்பு பாதி வழியில் நின்றது.

"அண்ணன்கிட்டக் கெணத்தடியில என்ன பேசின? அவன் நம்மள வழியனுப்பக்கூட வரல."

"லைன் தெளிவா இருந்துச்சான்னு கேட்டேன்."

அக்கா நடப்பதை நிறுத்தினார். ஒன்பது வருட சர்வீஸ்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அண்ணன் எங்கேயோ பேசியிருக்கிறான், இவள் கேட்டிருக்கிறாள், கேட்டது நல்ல சேதியில்லை. இந்த மூன்றும் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததைப் பார்த்தேன்.

"என்ன பேசுனான்?"

"சொல்ல முடியாதுக்கா."

"ரெண்டு நாளா எம்பக்கத்துல உக்காந்திருந்தியேடி!"

"ஆமாக்கா."

"நீ கேட்டது தப்பு. கேட்டுட்டு எங்கிட்டச் சொல்லாததும் தப்பு. சொல்லியிருந்தா அதுவும் தப்பு, நானே ஒன்ன ரிப்போர்ட் பண்ணியிருக்கணும். இப்ப எதுக்குன்னு ஒன்னத் திட்டுறது?"

"திட்டாதீங்கக்கா" என்றாள் தோழி. "அவ காலையிலேர்ந்து நிம்மதியா ஒரு எடத்துல நிக்கல. நான்தான் வகுத்து வலின்னு நெனச்சேன்."

அக்கா பாதை நடுவில் நின்று ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீங்க போங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். இரண்டடி வைத்தார். பிறகு, "அவனே சொல்லட்டும்" என்று திரும்பி வந்தார். பஸ்ஸில் அவர் எங்களோடு உட்காரவில்லை. முன்னால் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

அன்று ராத்திரி நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்தில், பேச்சில்லாமல். பப்ளிக் கால் கவுண்டரில் ஒரு சத்தம். அரைக் கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தால், பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு துண்டுச் சீட்டு. பின்னால் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு. சொல்லிவிட்டார் என்று தெரிந்தது.

கவுண்டர் குமாஸ்தா கொண்டுவந்த சீட்டு என் போர்டுக்குத்தான் வந்தது. அதே கோயம்புத்தூர் நம்பர். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

இணைப்புக் கிடைக்க நாற்பது நிமிடம் ஆனது. பெரியவர் அதுவரை பூத்துக்குள்ளேயே நின்றார், வெளியே வரமாட்டேன் என்றுவிட்டார். வாழ்நாளில் அவர் டெலிபோன் தொட்டது அதுதான் முதல் தடவையாம். மணியடித்ததும் ஹலோ என்று அவர் போட்ட கூச்சலுக்குப் போனே தேவைப்பட்டிருக்காது. இரண்டு பக்கமும் கேட்கிறது என்று தெரிந்த அதே நொடியில் கீயை விட்டேன். ஹெட்செட்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் உள்ளே போய், நேரம் ஆகிவிட்டது, நீட்டிக்கவா என்று கேட்டாக வேண்டும். கடிகார முள் சுற்றிக்கொண்டிருந்தது. என் கை கீயருகே போய்ப் போய்த் திரும்பியது. அக்கா எட்டி, என் போர்டில் தன் ஹெட்செட்டைச் செருகினார்.

"மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்றார். அவர் குரல் எப்போதும் போல அலுவலகக் குரலாகவே இருந்தது. ஒரு வினாடி கேட்டார். செருகியதை எடுத்தார்.

"அழறாரா?" என்று கேட்டேன், பொறுக்க முடியாமல்.

"எங்கப்பாவா?" என்றார் அக்கா, முந்தின நாள் மாலைக்குப் பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்து. "பேரம் பேசுறாரு."

பெரியவர் பேச்சை மூன்று தடவை நீட்டித்தார். மேட்டுப் பந்தல் பக்கம் மில்லுக்காரர்களுக்குப் போயிற்று. கிணறும் அதைச் சுற்றியிருந்த நிலமும் குடும்பத்தோடு இருந்துவிட்டன. அந்த மில்லுக்கு அவர்கள் வேறு இடத்தில் போர்வெல் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் கொஞ்ச காலத்தில் திண்டுக்கல்லுக்கே வந்து பழக் கமிஷன் வியாபாரம் செய்தார். பெரியவர் மகனிடம் ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை என்று கேள்வி. இதெல்லாம் அக்கா சொல்லி எனக்குத் தெரிந்தவை. என்னோடு அவர் பழையபடி பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. என்னை ரிப்போர்ட் செய்யவில்லை. செய்யவில்லை என்பதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவும் இல்லை.

அடுத்த வருடம் எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. இருபத்தெட்டு வருடம் ஹெட்செட் மாட்டியிருக்கிறேன். தெரிந்த குரல் லைனில் வந்தால் என் கை தானாகக் கீயைத் தேடும், விலகுவதற்கு. இன்றும் வீட்டில் மகன் அடுத்த அறையில் போன் பேசினால்கூட நான் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். ஏம்மா என்று கேட்பான். காற்று வாங்க என்பேன்.